ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு டீசல், எவ்வளவு மீத்தேன்? நோட்டுப் போட்டுக் கணக்கெடுப்பது எப்படி, குறைப்பது எப்படி

எங்கள் கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடி பக்கம் யாரிடமாவது "போன போகத்துக்கு டீசல் எவ்வளவு ஆச்சு" என்று கேட்டால் உடனே பதில் வரும். ரொட்டவேட்டர் ஒரு மணிக்கு இவ்வளவு, கேஜ் வீல் இவ்வளவு, அறுவடை மிஷின் இவ்வளவு என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. 1990-ல் இருந்து விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலான மோட்டாருக்கு மீட்டரே கிடையாது, அதனால் அந்தக் கணக்கை யாரும் எடுத்ததில்லை. யூரியாவுக்குப் பெரும்பகுதி மானியம். தண்ணீர் தேங்கிய வயலில் இருந்து வருகிற மீத்தேன் வாயு கண்ணுக்கே தெரியாது.

நான் ஒரு நவரைப் போகம் (மார்கழி, தையில் தொடங்குகிற நெல் பருவம்) முழுக்க நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: பூமியைச் சூடேற்றும் வாயுக்களின் மொத்தக் கணக்கில், நம் பையில் இருந்து காசு போகிற டீசல் மிகச் சிறிய பங்கு. காசு போகாத மோட்டாரும், தேங்கி நிற்கிற தண்ணீரும்தான் பெரிய பங்கு. எங்கே குறைக்க வேண்டும் என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீங்களும் அப்படியே செய்து பார்க்கலாம், பெரிய செலவில்லை.

கணக்கு எல்லாம் ஒரு ஏக்கர் நவரை நெல், கோ 51 மாதிரி குறுகிய வயது ரகம், போர்வெல் தண்ணீர் என்று வைத்துச் சொல்கிறேன். புதுச்சேரி பாகூர் பக்கம் சொர்ணவாரி (சித்திரையில் தொடங்குகிற பருவம்) போடுகிறவர்களுக்கும் பெரிதாக மாறாது. சம்பா வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மோட்டார் கொட்டகையிலேயே ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், வீட்டில் வைத்தால் எழுத மாட்டீர்கள். தேதி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், வயலில் தண்ணீர் நின்றதா இல்லையா, உரம் என்ன போட்டோம், வண்டி என்ன ஓடியது, இவ்வளவுதான். ஆட்டோ ஸ்டார்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். ராத்திரி த்ரீ ஃபேஸ் வரும்போது அதுவாகவே ஓடும், காலையில் போய்ப் பார்த்தால் மடை உடைந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணி நேரத்தையும் எழுத வேண்டும், அது வயலுக்குப் பாயாவிட்டாலும் கரண்ட் போனது போனதுதான். ஸ்டார்டர் பெட்டியில் ஒரு மணிக்கணக்கு மீட்டர் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, எந்த எலக்ட்ரீசியனும் மாட்டித் தருவார்.

படி 2: மோட்டாரை அளப்பது

இதை நிதானமாகச் செய்யுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது.

எலக்ட்ரீசியனை டாங் டெஸ்டரோடு (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) வரச்சொல்லி ஓடுகிற மோட்டாரின் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறந்து கை வைக்க வேண்டாம். வோல்டேஜ் 400, ஆம்பியர் 11 என்று வந்தால், 1.732 × 400 × 11 × 0.8 என்று பெருக்குங்கள். சுமார் 6,100 வாட் வரும், அதாவது மணிக்கு 6.1 யூனிட். (0.8 என்பது பவர் ஃபேக்டர், கெபாசிட்டர் கெட்டுப் போயிருந்தால் இன்னும் குறையும்.) ஏழரை எச்பி மோட்டாருக்கு இது சாதாரணமாக வருகிற அளவு.

அடுத்து, 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து நிரம்ப எத்தனை செகண்ட் என்று செல்போனில் பாருங்கள். 40 செகண்ட் ஆனால் செகண்டுக்கு 5 லிட்டர். இப்போது ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். செகண்டுக்கு 5 லிட்டர் என்றால் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆக, ஒரு தடவை தண்ணி கட்ட கிட்டத்தட்ட 69 யூனிட். பல வீடுகளில் ஒரு மாதத்துக்கே அவ்வளவு ஆகாது.

மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டு கிரிட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நமக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை, நெய்வேலிப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 0.7 என்றே வைத்தால் ஒரு தண்ணிக்கு 48 கிலோ. நவரையில் மழை இல்லாமல் 20 தண்ணி கட்டினால் 1,380 யூனிட், சுமார் 970 கிலோ.

அப்புறம் ஒரு சோதனை. உங்கள் போரில் தண்ணீர் 130 அடியில் இருந்து, அதாவது 40 மீட்டரில் இருந்து ஏறுகிறது என்றால், செகண்டுக்கு 5 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க உண்மையில் தேவைப்படுவது 5 × 9.81 × 40, கிட்டத்தட்ட 2,000 வாட். மோட்டார் இழுப்பதோ 6,100. மூன்றில் ஒரு பங்கு வேலைக்கு ஆகிறது, மீதி எல்லாம் சூடாகவும் உராய்வாகவும் வீணாகிறது. நல்ல பம்ப்செட் என்றால் பாதிக்குக் குறையாமல் வேலைக்கு ஆக வேண்டும். உங்கள் மோட்டார் பாதிக்குக் கீழே இருந்தால் படி 7-ல் சொல்வதைக் கட்டாயம் பாருங்கள்.

படி 3: டீசல்

சுலபம். வண்டி வயலில் இறங்கும் முன் டேங்க் ஃபுல், ஏறிய பிறகு மறுபடி ஃபுல், எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். வாடகை வண்டிக்காரர் சிலர் முகம் சுளிப்பார்கள், காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். உழவு, சேறடிப்பு, அறுவடை, நெல் ஏற்றிப்போன டிராக்டர் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 80 கிலோ.

படி 4: யூரியா

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. இதைச் செய்ய இயற்கை எரிவாயு வேண்டும், எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும். நம் நாட்டு ஆலைகளில் ஒரு கிலோ யூரியாவுக்கு ஆகிற எரிசக்தியை டீசலாக மாற்றிப் பார்த்தால், ஒரு மூட்டைக்குள் சுமார் 30 லிட்டர் டீசல் இருக்கிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டபோது நான் மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரை உழுது சேறடித்து அறுத்து நெல்லை வீடு கொண்டுவந்து சேர்த்த மொத்த டீசலும், நாம் தலையில் தூக்கிப் போகிற ஒரே ஒரு மூட்டையும் சமம்!

எரிவாயுவில் இருந்த கரியில் ஒரு பகுதி ஆலையிலேயே வெளியேறுகிறது, மீதி யூரியாவுக்குள் உட்கார்ந்து வந்து நம் வயலில் வெளியேறுகிறது. ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டால், இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 125 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இதற்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு என்று ஒன்று இருக்கிறது. பயிர் எடுக்காமல் விட்ட தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு துளி இப்படி வாயுவாகப் போகிறது, ஆனால் அந்தத் துளி கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடேற்றும். தண்ணீர் நிற்கிற நெல் வயலில் இது குறைவு, இரண்டு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி உரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 65 கிலோ அளவு வரும். அதே தழைச்சத்தைக் கரும்புக்கோ மணிலாவுக்கோ (நிலக்கடலை) போட்டால் மூன்று மடங்காகும். உரத்துக்கு மொத்தம் 190 என்று எழுதுங்கள்.

படி 5: தண்ணீர் நிற்கும் நாட்கள்

நட்டு ஒரு மாதம் ஆன வயலில், தண்ணீர் விடாமல் நின்றுகொண்டிருக்கும்போது இறங்கி மெதுவாக நடந்து பாருங்கள். கால் வைத்த இடத்தில் சேற்றில் இருந்து குபுகுபு என்று குமிழி வரும், ஒரு அழுகல் வாடையும் வரும். வாடை கந்தகத்தால் வருவது, குமிழியில் பெரும்பகுதி மீத்தேன், அதற்கு வாடையே கிடையாது. தண்ணீர் மூடியிருப்பதால் மண்ணுக்குள் காற்றுப் போவதில்லை, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வேரையும் பழைய தாளையும் தின்று இதை உண்டாக்குகின்றன. குமிழியாக வருவது கொஞ்சம்தான். பத்தில் எட்டு ஒன்பது பங்கு நெற்பயிரின் தண்டில் இருக்கிற காற்றுக் குழல் வழியாகவே மேலே போய்விடுகிறது. வேருக்குக் காற்று கொண்டுபோக நெல் வைத்திருக்கிற அதே குழல் வழியாகத்தான் இதுவும் வெளியே வருகிறது.

ஐநாவின் பருவநிலைக் குழு தெற்காசிய வயல்களுக்குக் கொடுத்திருக்கிற சராசரி, தண்ணீர் விடாமல் நிற்கும் ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன். ஏக்கருக்கு 340 கிராம். மீத்தேன் நூறு வருடக் கணக்கில் 28 மடங்கு சூடேற்றும் என்று வைத்தால், ஒரு ஏக்கரில் தண்ணீர் நிற்கிற ஒவ்வொரு நாளும் மூன்றரை லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். நட்டதில் இருந்து அறுக்கும் வரை 85 நாள் என்றால் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 820 கிலோ.

படி 6: கூட்டிப் பாருங்கள்

மோட்டார் 970, தண்ணீர் நின்றது 820, உரம் 190, டீசல் 80. மொத்தம் 2,060 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

உங்கள் எண்கள் மாறும். தண்ணீர் 40 அடியிலேயே கிடைக்கிறவர்களுக்கு மோட்டார் பங்கு பாதிக்கும் கீழே போகும். நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்து வெளியேற்றும் தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வந்து பாய்கிற வயல்களுக்கு மோட்டார் கணக்கே வேறு. ஆனால் டீசல் கடைசியில் நிற்பது பெரும்பாலும் மாறாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் விவசாயத்தின் பங்கு சுமார் 14 சதவீதம் என்று அரசு ஐநாவுக்குக் கொடுத்த அறிக்கைகளில் இருக்கிறது. அதில் மோட்டார் மின்சாரம் கிடையாது, அது மின்துறைக் கணக்கில் போகிறது. யூரியா ஆலையும் கிடையாது, அது தொழில்துறைக் கணக்கு. அதனால் வயலில் நின்று பார்க்கிற நமக்கு வருகிற கணக்கு அந்த அறிக்கையோடு பொருந்தாது, குழம்ப வேண்டாம்.

படி 7: குறைப்பது, பெரியதில் இருந்து

பெரிய வரிகள் இரண்டையும் ஒரே வேலையில் குறைக்கலாம் என்பதுதான் நல்ல சேதி. நம் பெரியவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொன்னது அதுதான். தண்ணீரைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால் மண்ணுக்குள் காற்று போகிறது, மீத்தேன் உண்டாக்குகிற நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. ஒரே போகத்தில் பல தடவை காயவிட்டால் மீத்தேன் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும், தண்ணீர் 20 முதல் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

எவ்வளவு காயவிடுவது என்பதில்தான் எல்லோருக்கும் பயம். அதற்கு ஒரு குழாய் போதும். நாலு அல்லது ஆறு அங்குல பிவிசி பைப்பில் ஒரு அடி நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு டிரில்லால் ஓட்டை போடுங்கள். ஓட்டையுள்ள பாதி முழுக்க மண்ணுக்குள் போகிற மாதிரி, வரப்பில் இருந்து கை எட்டுகிற தூரத்தில் பதியுங்கள், ஆனால் வரப்பை ஒட்டி வேண்டாம், நண்டு வளையில் கசிகிற தண்ணீர் ஏமாற்றிவிடும். வயலில் மேடும் பள்ளமும் இல்லாத நடுத்தரமான இடமாகப் பாருங்கள். உள்ளே இருக்கிற சேற்றைக் கையால் அள்ளிவிட்டால், மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது குழாய்க்குள் தெரியும்.

நட்டு முதல் இரண்டு வாரம் தண்ணீர் வையுங்கள், களை அடங்க வேண்டும். அதன் பிறகு 5 சென்டிமீட்டர் கட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள். மேலே தண்ணீர் வற்றி, மண் மெழுகாகி, முடி மாதிரி வெடிப்பு தெரிய ஆரம்பிக்கும், அப்போதும் பொறுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்தில் இருந்து 15 சென்டிமீட்டர், அரை அடி சுமாருக்கு, கீழே போன பிறகு மோட்டாரைப் போடுங்கள். களிமண்ணில் ஏழெட்டு நாள் கூட ஆகும், மணல் கலந்த மண்ணில் மூன்று நாளில் இறங்கிவிடும். பூக்கும் சமயத்தில் மட்டும் ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடவே கூடாது, பதர் விழும். அறுவடைக்குப் பத்து நாள் முன் எப்படியும் வடித்துவிடுவோம்.

எனக்கு மேல் வயல்காரர் பெரியப்பா முறை. முதல் தடவை வெடிப்பைப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, பயிரைப் பட்டினி போடுறியா" என்று வரப்பில் நின்றே சத்தம் போட்டார். குழாய்க்குள் கையை விடச் சொன்னேன். மணிக்கட்டுக்கு மேல் போன பிறகு விரல் நுனியில் தண்ணீர் பட்டது. ஈரமான விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

20 தண்ணி 14 ஆனால் மோட்டார் கணக்கில் 290 கிலோ, மீத்தேனில் 370 கிலோ குறைகிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு துண்டு பைப்பால். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், ஆனால் யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவாமல், தண்ணி கட்டுவதை ஒட்டிப் போட்டால் அந்தக் கூடுதல் பெரிதாக இருக்காது. உவர் நிலத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், காயும்போது உப்பு மேலே வந்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் முதலில் மண் பரிசோதனை செய்துவிட்டு இறங்குங்கள்.

இதற்கு முன்னால் வயல் மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் மேட்டுக்காக மோட்டார் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடும். லேசர் லெவலர் கிடைத்தால் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பரம்பு அடிப்பதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

அடுத்து மோட்டார். படி 2-ல் மூன்றில் ஒரு பங்கு என்று வந்ததைப் பாதிக்குக் கொண்டுவந்தால் 69 யூனிட் 44 ஆகும். பெரும்பாலும் காரணம் இவைதான்: தண்ணீர் இறங்க இறங்கப் பெரிய மோட்டாராகப் போட்டுக்கொண்டே போனது, மணல் தின்று தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றுகிற சக்கரம்), நாலைந்து தடவை காயில் கட்டிய பழைய மோட்டார், ஒல்லியான டெலிவரி பைப், தேவையில்லாத பெண்டுகள். பைப்பை மாற்றுவதுதான் செலவு குறைவு, அதை முதலில் செய்யுங்கள். புது மோட்டார் என்றால் ஸ்டார் எண்ணிக்கை மட்டும் பார்க்காமல், உங்கள் போரின் ஆழத்துக்கும் ஊற்றுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சோலார் பம்ப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019-ல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் மானியம் கொடுத்தார்கள், இப்போதும் உண்டா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். மின்சாரக் கணக்கு ஏறக்குறைய சுத்தமாகிவிடும். ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலும் பழகாமல் சோலார் போட்டால், வெயில் இருக்கிற வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், மீத்தேன் அப்படியே நிற்கும், நிலத்தடி நீர் இன்னும் இறங்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலோரமாக உப்புத் தண்ணீர் உள்ளே வருவது நமக்குத் தெரியாததில்லை. என் யோசனை, முதலில் வயலில் பதிக்கிற பைப், இரண்டாவது மோட்டார், அதற்குப் பிறகுதான் சோலார்.

யூரியாவுக்கு இலை வண்ண அட்டை, இலையின் பச்சையை எண் போட்ட பச்சைக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நட்ட 14-ம் நாளில் இருந்து வாரம் ஒரு தடவை, காலையில், நம் நிழல் அட்டை மேல் விழுகிற மாதிரி நின்று, பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொன்னி என்றால் எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால்தான் மேலுரம். பக்கத்து வயலில் தூவுகிறார்களே என்று நாமும் தூவுவது இதில் நின்றுவிடும், புகையான், இலைச்சுருட்டுப் பூச்சிகளும் குறையும்.

வைக்கோலைக் கட்டாக்கி விற்றுவிடுகிறோம், மிச்சத் தாளை அப்படியே தண்ணீரில் மடக்கி உழுது உடனே நடாதீர்கள், மீத்தேன் எகிறும். கோடை உழவில் மடக்கிவிட்டு, தண்ணீர் கட்டும் முன் ஒரு மாதமாவது காய்ந்த மண்ணில் மக்கவிடுங்கள். தொழுவுரமும் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். நெல்லிக்குப்பம், பெண்ணாடம் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கு ஒரே வார்த்தை: சோகையை (காய்ந்த கரும்பு இலை) கொளுத்தாதீர்கள், பாரில் பரப்பினால் ஈரம் நிற்கும், மோட்டார் மணி குறையும்.

சம்பாவுக்கு

காட்டுமன்னார்கோயில், குமராட்சி, சிதம்பரம் பக்கம் வீராணம், கீழணைத் தண்ணீரில் சம்பா செய்கிறவர்களுக்கு மோட்டார் கணக்கு சிறியது. ஆனால் பயிர் நாட்கள் அதிகம், அதனால் மீத்தேன் பெரியது. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும்போது தாழ்ந்த வயலைக் காயவிட முடியாது, அதற்காக மனம் நோக வேண்டாம். செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, புழுதியில் நேரடி விதைப்பு. சேறடிக்கிற டீசல் மிச்சம், முதல் சில வாரம் தண்ணீர் தேங்காததால் மீத்தேனும் இல்லை. களையைச் சமாளிக்க ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இன்னொன்று, அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன் மெழுகுப் பதத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பது. உழவு இல்லை, மோட்டார் இல்லை, யூரியா மூட்டை இல்லை, பனி ஈரத்திலேயே ஒரு போகம். மிஷின் சக்கரத்தில் முளை நசுங்கும் என்பது உண்மைதான், அதற்காக விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

பைப் பதிக்கும் முன் ஒரு பேச்சு

மேல் வயலில் தண்ணீர் நின்றால் நம் வயல் காயாது, கசிந்துகொண்டே இருக்கும். நாம் மட்டும் குழாய் பதித்துப் பிரயோசனமில்லை. ஒரே வாய்க்காலில் பாய்கிறவர்கள் சேர்ந்து ஒரே முறைவைத்தால்தான் நடக்கும். நாற்று விடுவதற்கு முன்பே மேல் வயல்காரரிடம் போய்ப் பேசிவிடுங்கள், போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நட்ட பிறகு பேசினால் அவரவர் பயிர்க் கவலை, யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.